நதிக்குப் போட்ட பூட்டு

வங்கதேசத்தின் குல்னா நகரிலிருந்து பார்த்தால் கோபால்கஞ்ச் வடகிழக்கில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே சில விரற்கடை தூரம்தான். ஆனால் 2014 டிசம்பரில், குல்னாவில் ஃபர்னஸ் ஆயில் ஏற்றிக்கொண்டு கோபால்கஞ்ச் மின் நிலையத்துக்குக் கிளம்பிய ‘சதர்ன் ஸ்டார்-7’ என்ற டேங்கர் வடக்கேயும் போகவில்லை, கிழக்கேயும் போகவில்லை. தெற்கே இறங்கி சுந்தரவனக் காட்டுக்குள் நுழைந்தது. காட்டைச் சுற்றிக்கொண்டு போனால்தான் ஊர் போய்ச் சேர முடியும் என்பது அன்றைய நிலைமை. வழியில் கடும் பனிமூட்டம். ஷேலா நதியில், மிருகமாரி என்ற இடத்தில் நங்கூரம் போட்டு நின்றது டேங்கர். டிசம்பர் 9 விடியற்காலையில், காலியாக வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பல் அதன்மீது மோதியது. டேங்கர் மூழ்கியது. அதன் கேப்டன் உயிரிழந்தார். உள்ளே இருந்த எண்ணெய் சுமார் 3,58,000 லிட்டர்.

ஷேலா நதியில் சரக்குக் கப்பல்கள் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு அரசாங்கம் போடக்கூடிய உத்தரவுகளிலேயே மிகச் சுலபமானது இதுதான். செலவு கிடையாது, ஆள் அம்பு தேவையில்லை, மறுநாள் செய்தித்தாளில் நடவடிக்கை எடுத்ததாகவும் வந்துவிடும். அந்தத் தடை நான்கே வாரத்தில் தளர்ந்துபோனது. பதினைந்து மாதம் கழித்து அதே நதிக்கு மறுபடியும் தடை வந்தபோது அது நிலைத்தது. முதல் பூட்டு ஏன் திறந்துகொண்டது, இரண்டாவது ஏன் நின்றது என்று தேடிக்கொண்டு போனால், எண்ணெயில் தொடங்கிய விசாரணை சேற்றில் போய் முடிகிறது.

படகு போனால் என்ன?

எண்ணெய் கொட்டியாகிவிட்டது. இனி படகு போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தண்ணீரில் விழுந்த எண்ணெய் முதலில் படலமாக மிதக்கும். மிதக்கிற வரைக்கும் அதை வளைக்கலாம், வழிக்கலாம், உறிஞ்சலாம். அதன்மேல் ஒரு கப்பல் போனால் புரொப்பல்லர் அதைத் துண்டு துண்டாக அடித்து நீருக்குள் இறக்கிவிடும். கப்பல் கிளப்பும் அலை, எண்ணெயை மறிக்கப் போட்ட மிதவைத் தடுப்புகளைத் தாண்டி அதைத் தள்ளும். அதே அலை கரையேறிச் சேற்றிலும் வேரிலும் அப்பிவிட்டு இறங்கும். போதாக்குறைக்கு, கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய எண்ணெய் அது போகிற துறைமுகம்வரை கூடவே போகும்.

அமெரிக்காவில் 2008 ஜூலை 23-ம் தேதி நியூ ஆர்லியன்ஸ் அருகே மிசிசிப்பி நதியில் ஒரு எண்ணெய்த் தெப்பத்தின்மீது ரசாயனக் கப்பல் மோதி, தெப்பம் இரண்டாகப் பிளந்தது. சுமார் 10,70,000 லிட்டர் எண்ணெய் ஆற்றில் கலந்தது. தெப்பத்தைக் கொண்டுபோன படகை ஓட்டியவரிடம் அதற்கு உரிய உரிமம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஏறக்குறைய 160 கி.மீ. நீளத்துக்கு நதியை மூடினார்கள். நாட்டின் தானிய ஏற்றுமதியில் பெரும்பகுதி போகும் பாதை அது. இருந்தும் மூடினார்கள். சுமார் 200 கப்பல்கள் வரிசையில் நின்றன. ஆறு நாளில் பாதை திறந்தபோதும், எண்ணெய் ஒட்டிய கப்பல்களை ஆங்காங்கே நிறுத்திக் கழுவித்தான் அனுப்பினார்கள். மூடிய நாட்களில் நதியில் வேலை நடந்தது. மூடியதன் பொருளே அதுதான்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 2024 ஆகஸ்ட் 12-ம் தேதி வால்சால் நகரக் கால்வாயில் சோடியம் சயனைடு கலந்தது. சுமார் 19 கி.மீ. நீளத்துக்கு யாரும் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம், நாயைக்கூட அழைத்துப் போகாதீர்கள் என்று எச்சரித்தார்கள். அந்த நாட்டுக் கால்வாய்களில் படகையே வீடாக வைத்துக் குடியிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கால்வாயை மூடுவது தெருவை மூடுவதற்குச் சமம். ஆனால் கால்வாயில் ஒரு வசதி: மதகுக் கதவுகளை அடைத்தால் கெட்ட தண்ணீரை ஒரு பகுதிக்குள் நிறுத்திவைக்கலாம்.

ஷேலாவில் அடைக்க எந்தக் கதவும் இல்லை. அது கடல் மூச்சுவிடும் நதி. ஆறு மணி நேரம் நீர் மேலே ஏறும், அடுத்த ஆறு மணி நேரம் கீழே இறங்கும். மிருகமாரியில் கொட்டிய எண்ணெய் கடலை நோக்கிப் போய்த் தொலைந்துவிடவில்லை. ஏற்றத்தில் மேலே வந்தது, வற்றத்தில் கீழே போனது, போகும்போதும் வரும்போதும் பக்கத்துக் கிளை வாய்க்கால்களுக்குள் எல்லாம் நுழைந்து பார்த்தது. சில நாட்களில் பல பத்து கிலோமீட்டருக்குப் பரவிவிட்டது.

டால்பின்களின் வீடு

சுந்தரவனத்தின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 10,000 சதுர கி.மீ. அதில் 60 சதவீதம் வங்கதேசத்தில், மீதி நம் மேற்கு வங்கத்தில். இந்தியப் பகுதியின் தேசியப் பூங்கா 1987-லும், வங்கதேசப் பகுதி 1997-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. புலியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். விபத்து நடந்த இடத்தில் பேச வேண்டியது டால்பினைப் பற்றி. சாந்த்பாய், தாங்மாரி, தூத்முகி என்ற மூன்று நீர்ப்பகுதிகளை டால்பின் சரணாலயங்களாக வங்கதேசம் அறிவித்தது 2012-ல். கங்கை டால்பினும் ஐராவதி டால்பினும் ஒரே தண்ணீரில் வாழும் அபூர்வமான இடங்கள் இவை. டேங்கர் மூழ்கியது சாந்த்பாய் சரணாலயத்தில்.

டால்பின் மீனைப்போல நீருக்குள் மூச்சு வாங்காது, மேலே வந்தாக வேண்டும். மேலே வந்தால் எண்ணெய்.

பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அலையாத்திக் காட்டு வேர்களைத் தெரியும். சேற்றுக்கு மேலே ஆணி அடித்ததுபோல் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்குமே, அவை மரத்தின் மூக்குகள். சேற்றில் காற்றில்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. ஃபர்னஸ் ஆயில் தாரைவிடக் கொஞ்சம் இளக்கமானது, அவ்வளவுதான். அது வேரின் துளைகளில் அப்பினால் மழைத் தண்ணீர் கழுவிவிடாது. பெட்ரோல், டீசல் என்றால் கணிசமான பகுதி வெயிலில் ஆவியாகிவிடும். இது ஆவியாகாமல் தங்கும்.

ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய நிபுணர் குழு டிசம்பர் கடைசியில் வங்கதேச அரசுடன் சேர்ந்து காட்டைப் பார்த்தது. பயந்த அளவுக்குப் பாதிப்பு இல்லை, எண்ணெய் காட்டின் உள்தரைக்குள் பெரிதாக ஏறவில்லை என்றது. அந்த நாட்களில் ஓதம் அதிகம் ஏறாமல் இருந்தது முக்கியக் காரணம். ஓதம் பெரிதாக ஏறும் நாட்களில் கொட்டியிருந்தால் கதை வேறு. ஆனால் இந்த நல்ல செய்தியை அமைச்சர்கள் பிடித்துக்கொண்ட விதம்தான் உறுத்துகிறது. குழு வருவதற்கு முன்பே அப்போதைய கப்பல் துறை அமைச்சர் ஷாஜகான் கான், பெரிய சேதம் எதுவும் இருக்காது என்று நிபுணர்கள் தன்னிடம் சொன்னதாகப் பேசியிருந்தார். ஓதம் செய்த உதவியை நிர்வாகத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

லிட்டருக்கு முப்பது டாக்கா

நதி மூடியாயிற்று. மூடிய நதியில் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சிட்டகாங் துறைமுகத்திலிருந்து ‘காண்டாரி-10’ என்ற கப்பல் எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தோடு வந்து நின்றது. அதைத் தெளித்தால் எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்கிவிடும். ஆழ்கடலில் சில சமயம் இது உதவும். மேலே பார்க்கிறவர் கண்ணுக்கு நீர் சுத்தமாகிவிட்டதுபோலத் தெரியும். ஆழம் குறைந்த, மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கிற நதியில் அதே ரசாயனம் எண்ணெயைக் குஞ்சுகளின் வாய்க்கே கொண்டுபோய்க் கொடுக்கும். வனத்துறை கூடாது என்று தடுத்தது. சரியான முடிவு. ஆனால் தெளிக்கக் கூடாது என்றால் வேறு என்ன வழி என்பதற்கு அவர்கள் கையில் கருவி எதுவும் இல்லை. டேங்கரையே இரண்டு நாள் கழித்துத் தனியார் படகுகள்தான் இழுத்துக் கரை சேர்த்தன.

கடைசியில் வந்தது கையும் பாத்திரமும். காட்டின் ஓரத்தில் ஜாய்மோனி என்ற கிராமம். அங்கே எண்ணெயை வழித்துக் கொண்டுவருகிறவர்களுக்கு லிட்டருக்கு 30 டாக்கா தருவதாக அரசு எண்ணெய் நிறுவனம் அறிவித்தது. பிறகு விலையைக் கூட்டினார்கள். அந்த வாரத்துப் புகைப்படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீன்பிடிச் சிறுபடகில் இரண்டு பேர். ஒருவர் துடுப்பால் படகைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்து அலுமினியச் சட்டியால் கறுப்பை வழிக்கிறார். துணியை எண்ணெயில் முக்கி, சட்டிக்கு மேலே பிழிகிறார். முழங்கைவரை கறுப்பு. கையுறை இல்லை, முகமூடி இல்லை. கரையில் பெண்கள் புல்லிலும் இலையிலும் ஒட்டியதை வழித்து எடுக்கிறார்கள். பக்கத்தில் பத்து வயதுப் பையன்கள். வழித்த எண்ணெய் பீப்பாய்களில் ஊற்றப்பட்டு அளந்து வாங்கப்படுகிறது. தலைவலி, வாந்தி, கண் எரிச்சல் என்று ஊரில் புகார்கள் எழுந்தன.

மாசுக்கு அஞ்சி நதியை மூடினார்கள் என்கிறோமே, யாருக்கு மூடினார்கள்? இரும்புக் கப்பலுக்கு மூடியிருந்தது. வெறுங்காலோடு வந்தவர்களுக்குத் திறந்திருந்தது, அதுவும் கூலி கொடுத்து. சுத்தம் செய்வதில் மக்களைச் சேர்க்கக் கூடாது என்பதில்லை. ஓதத்தின் போக்கும் வாய்க்காலின் வளைவும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நிபுணருக்கும் தெரியாது. ஆனால் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை.

எண்ணூர்க்காரர்கள் இந்தப் படங்களைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியில் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் ஃபைபர் படகில் போய்த் தாங்களே வழித்தார்கள். அங்கே படகு போகக் கூடாது என்று யாரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. வலையிலும் படகிலும் எண்ணெய் ஒட்டினால் தொழிலுக்குப் போக முடியாது, அவ்வளவுதான். வங்கதேசத்தைக் குறை சொல்லும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜாய்மோனியில் கையால் மீட்டது மொத்தம் சுமார் 68,000 லிட்டர். கொட்டியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கருவி எதுவும் இல்லாத அந்த நதியில், மீட்கப்பட்டதென்று கணக்கில் சொல்லிக்கொள்ள இருந்ததும் அதுதான்.

வரிசையில் நின்ற கப்பல்கள்

தடை போட்ட முதல் வாரத்திலேயே நெருக்கடி தொடங்கிவிட்டது. மோங்லா துறைமுகத்துக்கும் நாட்டின் உட்பகுதிக்கும் இடையே நீர்வழியில் போக அப்போது ஷேலாவை விட்டால் வேறு வசதியான பாதை இல்லை. நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகள் இரண்டு பக்கமும் தேங்கி நின்றன. உரம், தானியம், சிமென்ட்டுக்கான கிளிங்கர், எரிபொருள். டிசம்பர், ஜனவரி என்றால் வங்கதேசத்தில் போரோ நெல் பட்டத்துக்கு வயலைத் தயார் செய்யும் காலம். உரம் தாமதமானால் அடி விவசாயிக்கு. படகுத் தொழிலாளர்களுக்கோ ஓடினால்தான் படி. படகு உரிமையாளர்களும் தொழிலாளர் சங்கங்களும் பாதையைத் திறக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தார்கள்.

இவர்களை வில்லன்களாக எழுதுவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரு உர மூட்டை பாரிசால் பக்கத்து வயலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது காடு பிழைக்க வேண்டும் என்பதைப்போலவே உண்மையான தேவை. இரண்டையும் ஒரே நதியில் கொண்டுபோய் முட்டவிட்டது யார் என்பதுதான் கேள்வி.

2015 ஜனவரி முதல் வாரத்தில் ஷேலா மீண்டும் திறந்தது. எண்ணெய் டேங்கர் வரக் கூடாது, இரவில் ஓட்டக் கூடாது, பனிமூட்டத்தில் ஓட்டக் கூடாது என்று நிபந்தனைகள். ஐ.நா. குழு காட்டுக்குள் சரக்குப் போக்குவரத்தையே குறைக்கச் சொல்லியிருந்தது. இரண்டு கப்பல்களின் உரிமையாளர்கள்மீதும் வனத்துறை 100 கோடி டாக்கா இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னாலே போதும். 2015 மே மாதம், ஷரண்கோலா வனச்சரகத்தில் போலா நதியில் சுமார் 500 டன் பொட்டாஷ் உரத்தோடு ஒரு கப்பல் மூழ்கியது. அக்டோபரில் பசுர் நதியில் 510 டன் நிலக்கரியோடு இன்னொன்று. 2016 மார்ச் 19-ல் மறுபடியும் ஷேலாவிலேயே 1,235 டன் நிலக்கரியோடு ‘சீ ஹார்ஸ்-1’. டேங்கரைத்தானே தடை செய்தார்கள், நிலக்கரியை இல்லையே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இரண்டு நாள் கழித்து, எல்லாச் சரக்குக் கப்பல்களுக்கும் ஷேலாவை நிரந்தரமாக மூடுவதாக அரசு அறிவித்தது.

இந்த முறை யாரும் கப்பலை வரிசையில் நிறுத்திப் போராடவில்லை. நிற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேறு வழி திறந்திருந்தது.

சேற்றின் கதை

அந்த வேறு வழிதான் பழைய வழி. மோங்லாவுக்கும் காஷியாகாலிக்கும் இடையே ஏறக்குறைய 30 கி.மீ. நீளமுள்ள வாய்க்கால். 1970-களில் இருந்து கப்பல்கள் அதில்தான் போய்க்கொண்டிருந்தன. சுந்தரவனத்துக்கு வடக்கே, காட்டைத் தொடாமல் போகும் பாதை. ஷேலா வழியாகச் சுற்றுவதைவிட 80 கி.மீ. போல மிச்சம். அது தூர்ந்துபோனதால்தான் 2011 வாக்கில் கப்பல்களைக் காட்டுக்குள் திருப்பிவிட்டார்கள். வனத்துறை அப்போதிருந்தே ஆட்சேபம் சொல்லிக்கொண்டிருந்தது. ‘சதர்ன் ஸ்டார்-7’ தெற்கே திரும்ப வேண்டியிருந்தது இதனால்தான்.

வாய்க்கால் எப்படித் தூர்ந்தது? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது, செய்தித்தாள்களில் மிகக் குறைவாக வந்ததும் இதுதான்.

கங்கை, பிரம்மபுத்திரா டெல்டாவின் தண்ணீர் எப்போதும் வண்டலோடுதான் வரும். ஓதம் ஏறும்போது அந்த நீர் ஆற்றை மீறித் தாழ்வான நிலங்களில் பரவி நிற்கும். நிற்கிற இடத்தில் வண்டல் படியும். பிறகு வற்றத்தில் அவ்வளவு நீரும் ஒரே வேகத்தில் ஆற்றுக்குத் திரும்பி, போகும்போது ஆற்றின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும். நிலம் உயரும், ஆறு ஆழமாகவே இருக்கும். மனிதர் கை படாமல் நடந்துகொண்டிருந்த தூர்வாரல் இது.

1960-களில் உப்புநீரைத் தடுத்து நெல் விளைவிக்க, கடலோரத்தில் பெரிய மண்கரைகள் எழுப்பப்பட்டன. ‘போல்டர்’ என்று அங்கே சொல்கிற இந்தக் கரை சூழ்ந்த நிலத்திட்டுகள் மொத்தம் 139. நெல் விளைந்தது, பல லட்சம் பேர் சாப்பிட்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓத நீர் பரவி நிற்க இடமில்லாமல் போயிற்று. பரவ முடியாத நீர் வண்டலை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போனது. கரைக்கு உள்ளே நிலம் தாழ்ந்தே கிடக்க, வெளியே ஆற்றின் தரை உயர்ந்தது. 1975-ல் இந்தியா ஃபராக்கா அணையைத் திறந்த பிறகு, கங்கையிலிருந்து கோராய் வழியாகத் தென்மேற்கு வங்கதேசத்துக்கு வரும் நன்னீர் கோடையில் குறைந்தது. மேலிருந்து தள்ளும் நீரும் போய், கீழிருந்து சுரண்டும் நீரும் போய்விட்டது.

மிச்சம் இருந்ததையும் இறால் முடித்துவைத்தது. ராம்பால், மோங்லா பகுதிகளில் ஏற்றுமதி இறாலுக்கு நல்ல விலை வந்ததும், மோங்லா–காஷியாகாலி வாய்க்காலோடு சேரும் கிளை வாய்க்கால்களைச் செல்வாக்குள்ளவர்கள் குறுக்கே அணை போட்டு மறித்து இறால் பண்ணையாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கிளையும் அடைபட அடைபட, தாய் வாய்க்காலில் வற்றத்தின் வேகம் குறைந்தது. வேகம் குறைந்த நீரில் வண்டல் இறங்கியது. 2010 வாக்கில் கப்பல் தரை தட்டத் தொடங்கியது.

ஷேலாவில் எண்ணெய் கொட்டியதற்கு, மோதிய கப்பலின் மாலுமியைக் குற்றம் சொல்லலாம், பனியைச் சொல்லலாம். இருந்தாலும் ஐரோப்பாவில் யாரோ தட்டில் வைத்துச் சாப்பிட்ட இறாலுக்கும் ஜாய்மோனிப் பையனின் கறுத்த முழங்கைக்கும் இடையே ஒரு நேர்கோடு இருக்கத்தான் செய்கிறது.

வாய்க்காலைத் தூர்வாரும் வேலை விபத்துக்கு ஐந்து மாதம் முன்பு, 2014 ஜூலையில் தொடங்கியிருந்தது. விபத்துக்குப் பிறகுதான் சூடு பிடித்தது. இறால் அணைகளை உடைத்துக் கிளை வாய்க்கால்களைத் திறக்கவும் உத்தரவு போனது. 2015 மே மாதம் பரீட்சார்த்தமாகக் கப்பல்கள் விடப்பட்டன. 2016 அக்டோபர் 27-ல் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா முறைப்படி திறந்துவைத்தார். அதற்கு முன்பே கப்பல்கள் ஓடத் தொடங்கியிருந்ததால்தான் 2016 மார்ச்சில் ஷேலாவை மூடியபோது அந்த உத்தரவுக்குக் கால் ஊன்ற இடம் இருந்தது. காட்டைக் காப்பாற்றியதில் தடை உத்தரவைவிடத் தூர்வாரும் இயந்திரத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. சூழலியலாளர்கள் பலருக்கு இது பிடிக்காது. அவர்கள் தடை கேட்டுத்தான் போராடினார்கள், அதில் தவறில்லை. 2014-ல் கிடைத்த தடையும் அவர்கள் கேட்டதுதான். அதை நான்கு வாரத்துக்குமேல் தாங்கிப் பிடிக்க அன்றைக்கு ஆழமான வாய்க்கால் இல்லை.

பசுர் இன்னும் திறந்திருக்கிறது

ஷேலா அமைதியாகிவிட்டது என்பதால் சுந்தரவனம் கப்பல்களிடமிருந்து தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடலிலிருந்து மோங்லா துறைமுகத்துக்கு வரும் பாதை பசுர் நதி. அதுவும் காட்டைக் கிழித்துக்கொண்டுதான் வருகிறது. அதை யாராலும் மூட முடியாது, மூடினால் துறைமுகத்தையே மூட வேண்டும். 2018 ஏப்ரலில் பசுரில் 775 டன் நிலக்கரியோடு ‘பிலாஸ்’ என்ற கப்பல் மூழ்கியது. அதற்கு முந்தைய ஆண்டும் ஒன்று மூழ்கியது.

இதில் இந்தியாவின் பங்கு சின்னதல்ல. காட்டின் எல்லையிலிருந்து சுமார் 14 கி.மீ. தொலைவில் ராம்பாலில் இருக்கும் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம், நம் என்டிபிசியும் வங்கதேச மின் வாரியமும் சேர்ந்து கட்டியது. அதற்கான வெளிநாட்டு நிலக்கரி இறங்கி வரும் வழி பசுர். கொல்கத்தாவிலிருந்து வங்கதேச சிமென்ட் ஆலைகளுக்கு நிலக்கரிச் சாம்பல் ஏற்றிப்போகும் சிறு கப்பல்கள், இரு நாட்டு ஒப்பந்தப் பாதையில் நம் பக்கத்துச் சுந்தரவனத்தின் நதிகள் வழியாகத்தான் போகின்றன. அவற்றில் சில கவிழ்வதும், சாம்பல் ஆற்றில் கரைவதும், உள்ளூர் மீனவர்கள் புகார் சொல்வதும் வங்காளப் பத்திரிகைகளின் உள்பக்கச் செய்தி. எண்ணெயைப்போலச் சாம்பல் மிதக்காது, புகைப்படத்திலும் விழாது. அதற்காக எந்த நதியையும் யாரும் மூடியதாகத் தெரியவில்லை.

தூர்வாருவதும் ஒருமுறை செய்து முடிக்கிற காரியமாக இல்லை. மோங்லா–காஷியாகாலி வாய்க்காலில் வண்டல் திரும்பத் திரும்பப் படிகிறது, திரும்பத் திரும்ப அள்ளுகிறார்கள். பசுரிலும் பெரிய கப்பல்கள் மோங்லாவரை வருவதற்காகத் துறைமுகம் ஆற்றை ஆழப்படுத்தும் வேலையை எடுத்தது. அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது? எதிர்க்கரையில் தாகோப் வட்டத்துப் பானிசாந்தாவில் சுமார் 300 ஏக்கர் நிலத்தைக் காட்டினார்கள். அது விளைநிலம். முப்போகம் விளையும் நிலம் என்கிறார்கள் அந்த ஊர் விவசாயிகள். 2022-ல் பெண்களும் பெரியவர்களுமாக வயலில் இறங்கி நின்று, உப்புச் சேற்றை இங்கே கொட்ட விடமாட்டோம் என்று மறியல் செய்தார்கள். துறைமுகம் இழப்பீடு தருகிறேன் என்றது. அவர்கள் கேட்டது இழப்பீட்டை இல்லை. சேற்றைக் கொண்டுபோக வேறு இடம் பாருங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.